கோடி ரூபாய்ப் படகு, ஆறடிக் கேபின்

ஆழ்கடலுக்குப் போகும் படகை வாங்குகிறவர்கள் எஞ்சினையும் ஐஸ் அறையையும் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆட்கள் தங்கும் இடம்தான் எல்லாவற்றுக்கும் பிறகு நினைவுக்கு வருகிறது.

கொச்சிக்கு வடக்கே வைப்பீனிலோ முனம்பத்திலோ உள்ள படகு யார்டுக்கு ஆர்டர் கொடுக்க வருபவரின் கேள்விகள் ஒரே வரிசையில்தான் வரும். எத்தனை அடி? என்ன எஞ்சின்? எத்தனை ஐஸ் கட்டி பிடிக்கும்? எப்போது கைக்கு வரும்? ஆட்கள் எங்கே தூங்குவார்கள் என்ற கேள்வி அநேகமாக எழுவதில்லை. எழுந்தாலும், எஞ்சின் அறைக்கு மேலே ஒரு கேபின் போட்டுவிடலாம் என்ற பதிலோடு முடிந்துவிடும்.

விஷயம் சின்னதல்ல. 70 அடி நீள இரும்புப் படகு வலை, தூண்டில், கருவிகளோடு சேர்ந்து ஒரு கோடி ரூபாயைத் தாண்டிவிடுகிறது. அதில் 10 முதல் 15 பேர் ஏறி, 20 நாள், 30 நாள், சில சமயம் 40 நாள்கூடக் கடலில் கிடக்கிறார்கள். கன்னியாகுமரி மாவட்டம் தூத்தூர் வட்டாரத்து மீனவர்கள் கொச்சி தோப்பும்படி துறைமுகத்தைத் தளமாக வைத்துக்கொண்டு லட்சத்தீவைத் தாண்டியும், குஜராத் கடலுக்கும் போய் வருவது பல வருடப் பழக்கம். சூரையும் சுறாவும் தேடி டியேகோ கார்சியா வரை போய் பிரிட்டிஷ் அதிகாரிகளிடம் சிக்கியவர்களும் உண்டு. அத்தனை நாளும் அவர்களுக்கு வீடு, சமையல் கட்டு, ஆஸ்பத்திரி எல்லாமே அந்த ஒரு கேபின்தான்.

இந்தியாவில் விசைப்படகு பிறந்தபோது இந்தப் பிரச்னையே இல்லை. 1952இல் ஒப்பந்தமாகி மறு வருடம் கொல்லத்துக்கு அருகே நீண்டகரையில் தொடங்கிய இந்தோ-நார்வே திட்டம் கொண்டுவந்தவை 25 அடி அளவிலான சிறு படகுகள். காலையில் போய் மாலையில் திரும்பும் படகுக்குக் கேபின் எதற்கு? சுக்கான் பிடிப்பவர் தலையில் மழை விழாமல் ஒரு கூரை இருந்தால் போதும். பிறகு படகு நீண்டது, எஞ்சின் பெருத்தது, பயணம் வாரக்கணக்கில் ஆனது. கூரை மட்டும் கூரையாகவே நின்றது. கொஞ்சம் அகலமானதோடு சரி.

கரையோரத்தில் மீன் குறைந்துவிட்டது என்பது அரசும் மீனவரும் சண்டையில்லாமல் ஒப்புக்கொள்ளும் அபூர்வமான விஷயம். கரையிலிருந்து 12 கடல் மைல் வரை மாநிலங்களின் அதிகாரம். அதற்கப்பால் 200 கடல் மைல் வரை, அதாவது சுமார் 370 கிலோமீட்டர் வரை, இந்தியாவின் பிரத்யேகப் பொருளாதார மண்டலம். அங்கே போங்கள் என்பதுதான் கடந்த சில வருடங்களாக டெல்லியின் மந்திரம். 2017இல் பாக் நீரிணையின் இழுவைப் படகுகள் 2,000ஐ ஆழ்கடல் தூண்டில், செவுள்வலைப் படகுகளாக மாற்றும் திட்டம் வந்தது. ஒரு படகு ரூ. 80 லட்சம். மத்திய அரசு 40 லட்சம், மாநில அரசு 16 லட்சம், வங்கிக் கடன் 16 லட்சம், மீனவர் கையிலிருந்து 8 லட்சம். கொச்சி கப்பல் கட்டும் தளம் போன்ற பெரிய இடங்களில் படகுகள் கட்டப்பட்டன. 2020இல் வந்த பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டம் படகின் மதிப்பை ரூ. 1.20 கோடியாக்கி, பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதமும் பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கு 60 சதவீதமும் மானியம் என்றது.

ஆனால் பாக் நீரிணைத் திட்டத்துக்கு எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை. கடன் சுமை ஒரு காரணம். இன்னொன்று, ராமேஸ்வரத்து இழுவைப் படகு இன்று போய் நாளை கரை சேர்வது. அதில் கேபின் என்பது ஓட்டுகிறவர் நிற்கும் இடம், அவ்வளவுதான். பத்து, இருபது நாள் தங்கு கடலுக்குப் போகிற படகை அவர் கையில் கொடுத்தால், அவர் வாங்குவது படகை மட்டுமல்ல, இதுவரை வாழ்ந்து பழகாத ஒரு வாழ்க்கையையும் சேர்த்து.

ஆகவே யார்டில் முதலில் முடிவாக வேண்டியது தொழில் என்ன என்பது. நீளம் பிறகு. இழுவைமடி இழுக்கும் படகுக்குப் பெரிய எஞ்சின் வேண்டும். வலை பின்புறத்திலிருந்து இறங்கி ஏறுவதால் பின்தளம் காலியாக இருக்க வேண்டும். கேபின் முன்னால் போய்விடும். தூண்டிலும் செவுள்வலையும் பயன்படுத்தும் படகுக்கு அத்தனை குதிரைசக்தி தேவையில்லை. ஆனால் பக்கவாட்டில் கயிறு ஏற்ற நீண்ட தளம் வேண்டும் என்பதால் கேபின் பின்னால் இருப்பது வசதி. முன் கேபினில் அலையின் அடி முழுவதும் விழும். தூங்குகிறவர் பலகையிலிருந்து தூக்கி எறியப்படுவார். பின் கேபினில் காலடியிலேயே எஞ்சின்: சூடு, புகை, ஓயாத சத்தம். இரண்டிலும் சுகம் கிடையாது. எதைத் தாங்க முடியும் என்பதைப் போகிறவர்கள்தான் சொல்ல முடியும்.

எஞ்சின் பைத்தியம் மேற்குக் கரை முழுக்க இருக்கிறது. பக்கத்துப் படகு 350 என்றால் நமக்கு 450. வேகம் கூடக் கூட டீசல் அதைவிடப் பல மடங்கு கூடும் என்பது எளிய இயற்பியல்: வேகத்தைப் பத்து சதவீதம் குறைத்தாலே மணிக்குச் செலவாகும் டீசல் ஏறத்தாழ கால் பங்கு குறைந்துவிடும். பயணச் செலவில் பெரும் பகுதி டீசல்தான் என்பதை உரிமையாளர் ஒவ்வொருவரும் அறிவார். அறிந்தும் 450தான் வாங்குவார்.

அடுத்தது உடல். மரம் வெகுநாள் ராஜா. கேரளத்தில் ஆஞ்சிலி, மற்ற இடங்களில் தேக்கு, சால். நல்ல மரம் கிடைப்பதும் நல்ல தச்சர் கிடைப்பதும் அரிதாகிவிட்டது. கொச்சிப் பக்கம் இரும்பு பிடித்துக்கொண்டது. இரும்பு அடிபட்டால் வளையும், சட்டென்று பிளக்காது. எந்த ஊரிலும் வெல்டர் கிடைப்பார். ஆனால் துரு விடாது. வருடா வருடம் கரையேற்றிச் சுரண்டி, பெயின்ட் அடித்து, துத்தநாகக் கட்டிகளை மாற்றாவிட்டால் தகடு மெலிந்துகொண்டே போகும். ஃபைபர் துருப்பிடிக்காது, உளுக்காது, எடை குறைவு. தீப்பிடித்தால் மட்டும் ஆபத்து அதிகம்.

இந்த மூன்றில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதில்லை என்று காட்டியது கொச்சியில் உள்ள மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிறுவனம். அதன் வடிவமைப்பில் 2016இல் வந்த 'சாகர் ஹரிதா' 19.75 மீட்டர் நீளம். கட்டியது கோவா கப்பல் கட்டும் தளம். உடல் இரும்பு, கேபினும் தளக் கட்டுமானமும் ஃபைபர். எஞ்சின் 400 குதிரைசக்தி. அதே அளவுப் படகுகளில் உள்ளதைவிட இது 20 சதவீதம் குறைவு. கேபினை ஏன் ஃபைபரில் கட்டினார்கள் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

படகின் எடை எவ்வளவு என்பதைவிட, அந்த எடை எந்த உயரத்தில் இருக்கிறது என்பதே அது கவிழுமா நிமிருமா என்பதைத் தீர்மானிக்கிறது. எஞ்சினும் டீசலும் ஐஸும் கீழே இருக்கும்வரை படகு சாய்ந்தாலும் தானே நிமிரும். மேலே எடை ஏற ஏற அந்த பலம் குறையும். யார்டில் இரும்புத் தகட்டில் கேபின் கட்டுகிறார்கள். அதன் கூரையில் தண்ணீர்த் தொட்டி ஏறுகிறது. உதிரி வலையும் மிதவைகளும் ஏறுகின்றன. அடுத்த வருடம் ஓட்டுநருக்கு என்று இன்னொரு மாடி. ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பார்த்தால் நியாயமான தேவை. எல்லாம் சேர்ந்து, கட்டியபோது போட்ட கணக்கை (போட்டிருந்தால்) பொய்யாக்கிவிடுகின்றன. திரும்பி வரும் நாட்களில் டீசல் தீர்ந்து அடிப்பகுதி இலேசாகிவிட, மீன் அறையில் உருகிய ஐஸ் தண்ணீர் படகு சாயும் பக்கமெல்லாம் ஓடி இன்னும் சாய்க்கும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மேலே எடை அதிகமான படகு மெதுவாக, தொட்டில் போல ஆடும். உள்ளே இருப்பவர்களுக்கு அது இதமாக இருக்கும். நல்ல படகு என்று பெயரும் எடுக்கும். வெடுக் வெடுக்கென்று ஆடி வாந்தி வரவைக்கும் படகுதான் உண்மையில் பத்திரமானது. உலக உணவு வேளாண்மை அமைப்பு சொல்லித்தரும் எளிய சோதனை: படகு ஒரு பக்கம் சாய்ந்து, மறுபக்கம் போய், மீண்டும் பழைய இடத்துக்கு வர எத்தனை விநாடி ஆகிறது என்று எண்ண வேண்டும். அந்த எண் படகின் அகலத்தை மீட்டரில் சொல்லும் எண்ணைவிடக் குறைவாக இருந்தால் பெரும்பாலும் கவலையில்லை. ஆறரை மீட்டர் அகலப் படகு ஆடி முடிக்க எட்டு, ஒன்பது விநாடி எடுத்துக்கொண்டால் யார்டுக்காரரிடம் பேச வேண்டியிருக்கிறது. இதற்கு வேண்டியது ஒரு கைக்கடிகாரம் மட்டுமே.

கேபினின் இன்னொரு பக்கம் இரவில் தெரியும். 2017 ஜூனில் கொச்சிக்கு வெளியே நங்கூரமிட்டு நின்ற மீன்பிடிப் படகின் மீது நள்ளிரவு தாண்டிய நேரத்தில் சரக்குக் கப்பல் மோதியது. படகில் இருந்த 14 பேரில் பெரும்பாலோர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். 11 பேர் மீட்கப்பட்டார்கள். 2021 ஏப்ரலில் மங்களூர் கடலில், அதுவும் இருட்டில், இன்னொரு மோதல். 14 பேரில் உயிரோடு மீட்கப்பட்டவர்கள் இரண்டே பேர். மேற்குக் கரையின் கப்பல் பாதையைக் குறுக்கே கடக்காமல் ஆழ்கடலுக்குப் போக முடியாது.

எனவே சில கேள்விகள் ஆர்டர் கொடுக்கும்போதே கேட்கப்பட வேண்டும். சுக்கானில் நிற்பவருக்கு நான்கு பக்கமும் தெரிகிறதா, அல்லது பின்னால் சுவரா? படுக்கும் இடத்துக்கு ஒரே கதவா, இரண்டு வழியா? படகு சாய்ந்து தண்ணீர் ஏறும்போது உள்பக்கமாகத் திறக்கும் கதவு திறக்குமா? இரும்புப் படகு கப்பலின் ரேடாரில் ஓரளவு தெரியும். மரமும் ஃபைபரும் சரியாகத் தெரியாது. அதற்குக் கேபின் கூரையில் ஒரு ரேடார் பிரதிபலிப்பான் போதும். எஞ்சின் விலைக்கு முன் அதன் விலை ஒன்றுமேயில்லை.

கூரைக்கு இன்னொரு வேலையும் வந்திருக்கிறது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது, பல நாட்களுக்கு முன்பே புறப்பட்டுவிட்ட தூத்தூர், கேரளப் படகுகளுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. படகுகளில் இருந்த வி.எச்.எஃப். ரேடியோ சுமார் 25 கடல் மைல் வரைதான் பேசும். உயிரோடு அடித்துச் செல்லப்பட்டவர்களில் 900க்கும் மேற்பட்டோர் மகாராஷ்டிரத்தின் சிந்துதுர்க் கரையில் ஒதுங்கினார்கள். திரும்பாதவர்களின் குடும்பங்கள் தூத்தூர் வட்டாரத்தில் வீதிக்கு வீதி இருக்கின்றன. 2024 ஆகஸ்டில் ஒரு லட்சம் படகுகளுக்கு ரூ. 364 கோடி செலவில் செயற்கைக்கோள் டிரான்ஸ்பாண்டர் பொருத்தும் திட்டம் தொடங்கப்பட்டது. கரையும் படகும் இருபுறமும் செய்தி அனுப்பிக்கொள்ளலாம். கருவிக்கு மறைப்பில்லாத வானம் வேண்டும். தண்ணீர்த் தொட்டியும் வலைக் குவியலும் ஏறிய கூரையில் அதற்கு இடம் தேடுவது இப்போது புதிய வேலை.

தூக்கமும் பாதுகாப்பில் சேர்த்தி என்பதைச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2007லேயே ஏற்றுக்கொண்டது. அதன் மீன்பிடித் தொழில் உடன்படிக்கை 24 மீட்டரும் அதற்கு மேலும் நீளமான படகுகளில் ஒவ்வொருவருக்கும் 198 செ.மீ. நீளம், 80 செ.மீ. அகலப் படுக்கை வேண்டும் என்கிறது. தலைக்கு மேல் இரண்டு மீட்டர் உயரம். இந்தியா அதில் சேரவில்லை. சேர்ந்திருந்தாலும் நம் படகுகளில் பெரும்பாலானவை 24 மீட்டருக்குக் குறைவு. ஆறடி உயரக் கேபினில் இரண்டு அடுக்குப் பலகை போட்டு, வரிசை முறையில் படுத்துக்கொள்வதுதான் நடைமுறை. கேபினுக்குள்ளேயே காஸ் அடுப்பு வேறு. சமையல் காஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் இறங்கி எஞ்சின் அறையில் தேங்கும். சிலிண்டரை வெளியே தளத்தில் கட்டி, குழாயை மட்டும் உள்ளே கொண்டுவருவது யார்டில் அரை நாள் வேலை. கழிப்பறையைப் பற்றிக் கேட்டால் சிரிப்பார்கள். படகின் பின்விளிம்புதான் கழிப்பறை. இரவில் அங்கிருந்து தவறி விழுந்தால் எஞ்சின் சத்தத்தில் யாருக்கும் கேட்காது. பயோ-டாய்லெட் வைக்க மத்ஸ்ய சம்பதா திட்டத்திலேயே மானியம் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது.

ஏன் இப்படி? பணம் போடுகிறவர் பல இடங்களில் கடலுக்குப் போவதில்லை. முன்பணம் கொடுத்து மீனை ஏலம் விடும் தரகருக்குப் படகில் எத்தனை டன் பிடிக்கும் என்பதுதான் கணக்கு. படுப்பவர்கள் பங்குக்கு வேலை செய்கிறவர்கள். பலர் ஒடிசாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்தவர்கள். கேபின் பிடிக்கவில்லையென்றால் வேறு படகுக்குப் போகலாம், அவ்வளவுதான். தானே சுக்கான் பிடிக்கும் உரிமையாளரும், பத்துப் பேர் பங்கு போட்டு வாங்கும் தூத்தூர்க்காரர்களும் இந்த வகையில் கொடுத்துவைத்தவர்கள். கேட்கத் தெரிந்தால் கேட்டு வாங்க முடியும்.

பழைய படகு வாங்குகிறவருக்கு வேலை இன்னும் அதிகம். புது பெயின்ட் எதையும் மறைக்கும். நீர்மட்டத்தை ஒட்டியும் மீன் அறைக்கு அடியிலும் தகட்டின் கனத்தை அல்ட்ராசோனிக் கருவியால் அளந்து பார்க்க வேண்டும். கேபினில் எந்தெந்தத் தகடு பிறகு ஒட்டவைத்தது என்பதை வெல்டிங் கோடுகளே காட்டிக்கொடுக்கும்.

புதுப் படகுக்காரர் கடைசித் தவணையைக் கொடுப்பதற்கு முன் சாய்வுச் சோதனை கேட்கலாம். அலையில்லாத கழிமுகத்தில் படகை மிதக்கவிட்டு, எடை தெரிந்த இரும்புக் கட்டிகளை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு நகர்த்தி, கேபினில் தொங்கவிட்ட குண்டுநூல் எத்தனை மில்லிமீட்டர் விலகுகிறது என்று குறித்துக்கொள்வார்கள். காலையில் தொடங்கினால் மதியச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிடும். அதற்குப் பிறகு கூரையில் ஒரு தண்ணீர்த் தொட்டி ஏறினாலும் சோதனையை மறுபடி நடத்த வேண்டும்.