கொழுத்த கோழியும் கீழாநெல்லியும்

தோட்டத்து மக்களுக்கு முட்டை என்பது இலேசான விஷயமல்ல. இறைச்சி வாங்க முடியாத நாளிலும் பிள்ளையின் தட்டில் ஒரு முட்டை விழுந்துவிட்டால் தாய்க்கு மனம் ஆறும். 2022-ம் ஆண்டுக் கடைசியில் நாட்டில் முட்டைத் தட்டுப்பாடு வந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2025 ஆகஸ்டு முதல் தேதியோடு முட்டைக்கு அரசாங்கம் கொடுத்துவந்த உதவித் தொகையும் நின்றுவிட்டது. ஆகவே கியா பார்ம், சுங்கை பாலாஸ், பிரிஞ்சாங் வட்டாரத்தில் வீட்டுக்குப் பின்னால் நாலு கோழி வளர்க்கும் குடும்பங்களுக்கு அது பொழுதுபோக்கல்ல, கைச்செலவில் மிச்சம்.

அந்தக் கோழி திடீரென்று செத்தால் என்ன ஆகிறது? "நேத்து சாயங்காலம் வரைக்கும் நல்லாத்தானே மேஞ்சுச்சு! விடிஞ்சு பார்த்தா கூண்டுல செத்துக் கிடக்குது. பாம்பு கீம்பு தீண்டிடுச்சா?" என்று லயத்து அம்மாமார்கள் கேட்பதுண்டு. பக்கத்து வீட்டுக்காரர்தான் மருந்து வைத்தார் என்று சண்டை மூள்வதும் உண்டு. பல சமயங்களில் பாம்பும் இல்லை, பக்கத்து வீட்டுக்காரரும் இல்லை. கோழியின் ஈரல்தான் காரணம்.

ஈரல் வெடிக்கும் நோய்

இந்த நோயை 1956-ல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த கவுச் என்ற விஞ்ஞானி முதன்முதலில் எடுத்துச் சொன்னார். 1972-ல் உல்போர்டு, போலின் என்ற இருவர் இதற்கு "கொழுப்பு ஈரல் இரத்தக் கசிவு நோய்" என்று பெயர் வைத்தார்கள். நன்றாக முட்டையிடும், கொழுகொழுவென்று இருக்கும் பெட்டைக் கோழிகளைத்தான் இது அதிகம் தாக்குகிறது.

காரணம் இதுதான். ஒரு முட்டையில் ஏறக்குறைய 5 கிராம் கொழுப்பு இருக்கிறது. அது அத்தனையும் மஞ்சள் கருவில் இருக்கிறது. அந்தக் கொழுப்பில் பெரும்பகுதியைக் கோழியின் ஈரல்தான் தயாரிக்கிறது. தயாரித்ததை ஈரலிலிருந்து வெளியே சுமந்து செல்வதற்குப் புரதம் வேண்டும். கோலின் என்ற சத்தும் வேண்டும். நாம் மிச்சச் சோறும் ரொட்டியும் சோளமும் மட்டுமே போட்டால் மாவுச்சத்து குவிகிறது, புரதம் குறைகிறது. சரக்கு மலையாகக் குவிந்து கிடக்கிறது, ஏற்றிச் செல்ல லாரி இல்லை என்ற கதைதான். கூண்டில் அடைபட்டு நடமாட்டம் இல்லாவிட்டால் இன்னும் மோசம்.

நாளடைவில் ஈரல் வீங்கி, மஞ்சள் நிறமாகி, கையால் தொட்டாலே நொறுங்கும்படி ஆகிவிடுகிறது. நோய் முற்றிய ஈரலில், உலர்ந்த எடையில் 40 சதவிகிதத்துக்கு மேல் கொழுப்பாகவே இருக்கும். ஒரு நாள் அது கிழிந்து வயிற்றுக்குள்ளேயே இரத்தம் கொட்டுகிறது. கோழி அந்த இடத்திலேயே முடிந்துபோகிறது. முன்கூட்டியே தெரிய வேண்டுமானால் கொண்டையைப் பாருங்கள். வெளுத்துப்போய், பொடுகு படிந்தாற்போல் இருக்கும். முட்டையும் சட்டென்று குறையும்.

மூலிகை என்ன செய்யும்?

ஈரல் என்றதும் நம்மவர் வாயில் வரும் முதல் பெயர் கீழாநெல்லி. மலாய்க்காரர்கள் இதை 'டுக்கோங் அனாக்' என்பார்கள். கீழே தாப்பா பக்கத்து ரப்பர், செம்பனைத் தோட்டங்களில் தானாகவே முளைக்கும். இலைக்கு அடியில் வரிசையாகக் காய் தொங்குவதால் அந்தப் பெயர். அதன் கசப்புக்குக் காரணமான பொருள்களில் ஒன்று பில்லாந்தின். தஞ்சாவூரில் தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் மூலிகை மருத்துவ மையம், இத்தகைய வீட்டு மூலிகைகளைக் கொண்டு ஆடு, மாடு, கோழிகளுக்கு மருத்துவம் செய்வதை விவசாயிகளுக்குக் கற்றுத் தந்து வந்திருக்கிறது. பாட்டி வைத்தியம் என்று ஒதுக்கித் தள்ள வேண்டியதில்லை என்பதற்கு இது சாட்சி.

மஞ்சளில் உள்ள குர்குமின், மரமஞ்சளில் உள்ள பெர்பெரின், சோயாவில் உள்ள ஜெனிஸ்டீன் ஆகியவற்றையும் கொழுப்பு ஈரல் கண்ட முட்டைக் கோழிகளுக்குக் கொடுத்து ஆராய்ந்திருக்கிறார்கள். இவை ஈரல் புதுக் கொழுப்பு தயாரிப்பதை மட்டுப்படுத்துகின்றன. இருக்கும் கொழுப்பை எரிக்க உதவுகின்றன. ஈரல் கெட்டுப்போகாமல் காக்கின்றன என்று தெரிய வந்திருக்கிறது.

நம் கூடையில் விழும் கொழுந்துக்கும் இதில் பங்குண்டு. பச்சைக் கொழுந்தின் உலர்ந்த எடையில் சுமார் கால் பங்கு பாலிபீனால் என்ற துவர்ப்புப் பொருள்கள்தாம். அவற்றில் முக்கியமான கேட்டசின்கள் கோழி ஈரலில் கொழுப்பைக் குறைப்பதைச் சோதனைகளில் கண்டிருக்கிறார்கள். "அப்போ தேத்தண்ணிச் சக்கையைப் போட்டா போதுமே" என்று ஒருவர் சொல்லலாம். போதாது! தொழிற்சாலையில் கொழுந்தை நசுக்கிப் புளிக்கவைத்துக் கறுப்புத் தேயிலை ஆக்கும்போது கேட்டசின்களில் பெரும்பகுதி வேறு பொருளாக மாறிவிடுகிறது. கொழுந்தையே அள்ளிப் போட்டாலும் ஆபத்துதான். துவர்ப்பு மிகுந்தால் தீனியில் உள்ள புரதம் சரியாகச் செரிக்காது. கோழி தின்பதும் குறையும். கேட்டசினைப் பிழிந்தெடுத்து மாத்திரையாக்கி நாளொன்றுக்கு 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் சாப்பிடும் மனிதர்களுக்கு ஈரல் பாதிக்கப்படுவதற்கான அறிகுறிகள் காணப்படுவதாக 2018-ல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் எச்சரித்தது. அளவோடு மருந்து, அளவு மீறினால் நஞ்சு.

செய்ய வேண்டியவை

மூலிகை துணைக்குத்தான். நோயின் வேர் தீனியில் இருக்கிறது. ஆகவே நாம் சொல்வது:

1. வளர்ந்த முட்டைக் கோழிக்கு நாளொன்றுக்கு 100 முதல் 120 கிராம் தீனி போதும். அதில் பெரும்பகுதி முட்டைக் கோழித் தீனியாக இருக்கட்டும். அதில் 16, 17 சதவிகிதம் புரதம் உண்டு. சோளத்தில் அதில் பாதிதான்.

2. கோழியைத் தினமும் கொஞ்ச நேரமாவது வெளியே விட்டு நடமாட விடுங்கள்.

3. மலைக் குளிரிலும் ஈரத்திலும் சோளம் சீக்கிரம் பூசணம் பிடிக்கும். பூசண நஞ்சும் ஈரலைக் கெடுக்கும். 1960-ல் இங்கிலாந்தில் பூசணம் பிடித்த கடலைப் புண்ணாக்கைத் தின்று சுமார் ஒரு லட்சம் வான்கோழிகள் செத்தன. "காசு போட்டு வாங்கினதாச்சே" என்று பூசணச் சோளத்தைப் போடாதீர்கள்.

4. களைக்கொல்லி அடித்த இடத்தில் மூலிகை பறிக்காதீர்கள். காய்கறித் தோட்டத்தில் கழித்த கோஸ் இலையானாலும் நன்றாகக் கழுவிய பிறகே போடுங்கள்.

5. அடுத்தடுத்து இரண்டு மூன்று கோழிகள் செத்தால் அது தொற்று நோயாக இருக்கலாம். அறுத்துப் பார்க்கவும் வேண்டாம், சமைக்கவும் வேண்டாம். கால்நடைச் சேவை இலாகாவுக்குச் சொல்லுங்கள்.

நம் ஈரலையும் பார்ப்போம்

கோழிக்கு வரும் இந்தக் கதை மனிதனுக்கும் உண்டு. சோறும் சீனியும் மிகுந்து, உடம்பு பருத்து, மேலே சாராயமும் சேர்ந்தால் நம் ஈரலிலும் கொழுப்பு படியும். கண் மஞ்சளித்துப்போனால், "கீழாநெல்லி அரைச்சு மோர்ல குடிச்சா சரியாப் போயிடும்" என்று வீட்டிலேயே இருந்துவிடுகிறோம். 1988-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தியாகராஜன் குழுவினர், ஈரல் அழற்சி பி கிருமியைச் சுமந்திருந்தவர்களுக்குக் கீழாநெல்லி கொடுத்து நல்ல பலன் கண்டதாக அறிவித்தார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பிறகு மற்ற இடங்களில் நடந்த சோதனைகளில் அந்தப் பலன் கிட்டவில்லை. மஞ்சள் காமாலைக்குப் பல காரணங்கள் உண்டு. எது என்று இரத்தத்தைச் சோதித்தால்தான் தெரியும்.

"ஆஸ்பத்திரிக்குப் போனா ஒரு நாள் சம்பளம் போயிடுமே" என்று தயங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 1955-ம் ஆண்டு வேலைச் சட்டப்படி சம்பளத்தோடு நோய் விடுமுறை எடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. இரண்டு வருடத்துக்குக் குறைந்த சேவைக்கு ஆண்டுக்கு 14 நாள். இரண்டு முதல் ஐந்து வருடம் வரை 18 நாள். ஐந்துக்கு மேல் 22 நாள். டாக்டர் சீட்டு வாங்குங்கள். 48 மணி நேரத்துக்குள் நிர்வாகத்துக்குத் தெரிவித்துவிடுங்கள். அயல்நாட்டுத் தொழிலாளிக்கும் இதே சட்டம்தான். பக்கத்து அறையில் இருக்கும் வங்காளதேசத்துத் தம்பிக்கும் நேப்பாளத் தம்பிக்கும் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

கோழிக்குச் சரியான தீனி, நமக்குச் சரியான நேரத்தில் தானா ராத்தா ஆஸ்பத்திரி. கீழாநெல்லி கொல்லையிலேயே இருக்கட்டும். அதை நம்பி டாக்டரிடம் போகாமல் இருந்துவிட வேண்டாம்.