பத்து நகராட்சிகள், ஒரே மான்செஸ்டர்

மான்செஸ்டர் யுனைடெட் அணியின் ஓல்ட் டிராஃபோர்டு மைதானம் மான்செஸ்டர் மாநகராட்சி எல்லைக்குள் இல்லை. அது இருப்பது பக்கத்து டிராஃபோர்டில். பிபிசியின் பெரிய வளாகம் சால்ஃபோர்டில் இருக்கிறது. வெளியூர்க்காரருக்கு எல்லாமே மான்செஸ்டர்தான். நிர்வாகமோ பத்து உள்ளாட்சிகளின் கையில்.

இவற்றுக்கு மேலே 1974 முதல் ஒரு பெருநகர மன்றம் இருந்தது. 1986இல் தாட்சர் அரசு அதைக் கலைத்தது. பத்தும் ஆளுக்கொரு திசையில் போயிருக்கலாம். போகாமல், தாங்களாகவே ஒரு சங்கம் அமைத்துக்கொண்டன. அந்த ஒற்றுமைக்குப் பெரிய பிடிமானம் விமான நிலையம் என்றே நினைக்கிறேன். அதில் மான்செஸ்டருக்கு 55 சதவீதம், மற்ற ஒன்பதுக்கும் தலா 5 சதவீதம் என்று பங்கு பிரிக்கப்பட்டது. அங்கே லாபம் வந்தால் ஓல்டாம் நகராட்சியின் கணக்கிலும் பணம் ஏறும். பேச்சளவில் நிற்கும் கூட்டணிகள் அடுத்த தேர்தலைத் தாண்டுவதில்லை. இங்கே எல்லோருக்கும் பொதுவான சொத்து இருந்தது.

2008இல் பெரிய அடி விழுந்தது. நகருக்குள் வரும் கார்களுக்கு நெரிசல் கட்டணம் வசூலித்து, மத்திய அரசின் உதவியும் பெற்றுப் பொதுப் போக்குவரத்தை விரிவாக்க ஒரு திட்டம் இருந்தது. அது வாக்கெடுப்புக்குப் போனபோது பத்து ஊர் மக்களுமே நிராகரித்தார்கள்.

அடுத்த ஆண்டே நகராட்சிகள் தங்கள் வரிப் பணத்தையும் கடனையும் அரசு நிதியோடு சேர்த்து சுமார் 150 கோடி பவுண்டு நிதியை உருவாக்கின. ஊருக்கு இவ்வளவு என்று அதைக் கூறு போட்டிருந்தால் சண்டையே வந்திருக்காது. உருப்படியாக ஒன்றும் நடந்தும் இருக்காது. போடும் பவுண்டுக்கு வட்டாரம் முழுவதற்கும் எந்தத் திட்டம் அதிகப் பலன் தரும் என்று கணக்கிட்டு வரிசைப்படுத்தினார்கள். டிராம் பாதைகள் ஓல்டாம், ராச்டேல், விமான நிலையம் வரை நீண்டன. போல்டன், விகன், ஸ்டாக்போர்ட் மூன்றுக்கும் டிராம் வரவில்லை. அதைப் பொறுத்துக்கொண்டு அவை கூட்டணியில் நீடித்ததைத்தான் இந்தக் கதையிலேயே பெரிய விஷயமாகக் கருதுகிறேன்.

2011இல் பத்தும் சட்டபூர்வமான கூட்டு ஆணையமாயின. 2014இல் மத்திய அரசிடமிருந்து அதிகாரங்கள் இறங்கத் தொடங்கின. 2017இல் மக்கள் ஆண்டி பர்ன்ஹாமை வட்டார மேயராகத் தேர்ந்தெடுத்தார்கள்.

அதன் பலனைத் தெருவில் பார்க்கலாம். 1986க்குப் பின் பேருந்துகளின் தடத்தையும் கட்டணத்தையும் தனியார் நிறுவனங்களே முடிவு செய்தன. ஒரு நிறுவனத்தின் டிக்கெட் இன்னொன்றின் பேருந்தில் செல்லாது. 2023 செப்டம்பரில் பேருந்துகள் பொதுக் கட்டுப்பாட்டுக்குத் திரும்பத் தொடங்கின. முதலில் மாறிய ஊர்களில், டிராம் கிடைக்காத போல்டனும் விகனும் இருந்தன. இப்போது பேருந்துக்கும் டிராமுக்கும் ஒரே மஞ்சள் நிறம். வங்கி அட்டையைத் தட்டி இரண்டிலும் ஏறலாம், ஒரு நாள் கட்டணத்துக்கு உச்சவரம்பும் உண்டு.

பிணக்கும் வந்தது. வீடு கட்டும் நிலங்களைப் பத்து ஊரும் சேர்ந்து முடிவு செய்யும் திட்டத்திலிருந்து, பசுமை வளையம் பறிபோகும் என்று அஞ்சி ஸ்டாக்போர்ட் 2020 டிசம்பரில் விலகியது. மற்ற ஒன்பதும் அதைத் தண்டிக்கவில்லை. தங்கள் திட்டத்தைத் திருத்தி 2024 மார்ச்சில் நடைமுறைக்குக் கொண்டுவந்தன. கூட்டு ஆணையத்தில் ஸ்டாக்போர்ட்டின் நாற்காலி அப்படியே இருந்தது. 2025 ஜனவரியில் அந்த ஊர்ப் பேருந்துகளும் பொதுக் கட்டுப்பாட்டுக்கு வந்தன.