ஒரு கிளாஸ் காக்டெய்லில் எவ்வளவு இன்ஜினியரிங் இருக்கு?

பிளேஸ்மென்ட் சீசன் முடிஞ்சா அடுத்து வர்றது ட்ரீட் சீசன். நம்ம விருத்தாசலத்தில் ட்ரீட்னா பிரியாணி, அப்புறம் ஒரு ஐஸ்கிரீம், அவ்ளோதான். ஆனா ஜங்ஷனில் ரயிலேறி சென்னைக்கோ பெங்களூருக்கோ வேலைக்குப் போன சீனியர் அண்ணன், "வாடா, ஒரு கிராஃப்ட் காக்டெய்ல் பார் இருக்கு, சாயங்காலம் போலாம்"னு என்றைக்காவது கூப்பிடுவார். மெனு கார்டைத் திறந்தால் ஒரு கிளாஸுக்குப் பல நூறு ரூபாய் போட்டிருக்கும். எதுக்கு இவ்ளோ விலை? அந்தக் கிளாஸுக்குள் என்ன நடக்குது? உடம்புக்குள் போனால் என்ன கணக்கு? இதைத்தான் பார்க்கப் போகிறோம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் 21 வயது ஆகாதவருக்கு மது விற்கக் கூடாது. குடிக்கச் சொல்லி இதை எழுதவில்லை. குடிக்காதவரும் நண்பர்களுக்காகப் போய் உட்கார வேண்டி வரும் இடம் அது. தெரிஞ்சுக்கிட்டுப் போனா நல்லதுதானே!

கிராஃப்ட் பார்னா என்ன?

நமக்குத் தெரிந்தது டாஸ்மாக். 1983-இல் தொடங்கிய அரசு நிறுவனம். 2003 கடைசியில் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. அங்கே பாட்டிலை வாங்குகிறோம், கதை முடிஞ்சது. காக்டெய்ல் பாரில் விற்பது கலவை.

சாஷா பெட்ராஸ்கி என்பவர் 1999 டிசம்பர் 31 அன்று நியூயார்க்கில் 'மில்க் அண்ட் ஹனி' என்ற சின்ன பாரைத் திறந்தார். அப்போதே பிழிந்த சாறு, பெரிய ஐஸ் கட்டி, துல்லியமான அளவு, சத்தம் போடாத வாடிக்கையாளர்: இவைதான் அவர் கொள்கை. இன்றைய கிராஃப்ட் பார்கள் பெரும்பாலும் அந்த வழியில் வந்தவை. டெல்லியில் யாங்டுப் லாமாவும் மீனாட்சி சிங்கும் நடத்தும் 'சைட்கார்' நம் நாட்டில் பேர் பெற்ற ஒன்று.

இந்த பார்களில் கண்ணளவு கிடையாது. ஜிக்கர் என்ற குட்டி உலோகக் குவளையில் அளந்துதான் ஊற்றுவார்கள். சிங்கப்பூரின் புகழ்பெற்ற 'ஜிக்கர் அண்ட் போனி' பாருக்கு அந்த அளவையின் பெயரையே வைத்திருக்கிறார்கள். நம்ம லேபில் பிப்பெட் எப்படியோ, அங்கே ஜிக்கர் அப்படி.

ஐஸ்: உருகாமல் குளிராது

"நிறைய ஐஸ் போட்டுத் தண்ணியாக்கி ஏமாத்துறாங்க" என்பது நம்மாட்கள் வழக்கமாகச் சொல்லும் புகார். தெர்மோடைனமிக்ஸ் வேறு மாதிரி சொல்லுது. 1 கிராம் ஐஸ் உருக 334 ஜூல் வெப்பம் வேண்டும். அந்த வெப்பத்தை எடுத்தால் 80 கிராம் தண்ணீரை 1 டிகிரி குளிர வைக்கலாம். அதாவது பானத்தைக் குளிர வைப்பது ஐஸின் குளிர்ச்சியைவிட அது உருகுவதுதான். உருகினால் தண்ணீர் சேரத்தான் செய்யும்.

60 மில்லி மது, 20 மில்லி எலுமிச்சைச் சாறு, 20 மில்லி சர்க்கரைப் பாகு என்று வைத்துக்கொள்வோம். பத்துப் பன்னிரண்டு விநாடி வேகமாகக் குலுக்கினால் 40, 50 மில்லி தண்ணீர் சேர்ந்து மொத்தம் கிட்டத்தட்ட 150 மில்லி ஆகும். ஆல்கஹால் கலந்திருப்பதால் உறைநிலை இறங்கி, பானம் பூஜ்ஜியம் டிகிரிக்கும் கீழே போகும். தொடக்கத்தில் 42.8 சதவீதம் இருந்த ஆல்கஹால் இப்போது சுமார் 17 சதவீதம்தான். செறிவுதான் குறைந்திருக்கிறது, ஆல்கஹாலின் அளவு ஒரு சொட்டும் குறையவில்லை. இதை ஞாபகத்தில் வையுங்க, கடைசியில் தேவைப்படும்.

கண்ணாடி மாதிரித் தெளிவான ஐஸ் கட்டியைப் பார்ப்பீர்கள். ஒரு பக்கத்திலிருந்து மட்டும் மெதுவாக உறைய வைத்தால், தண்ணீரில் கரைந்த காற்று மறுபக்கம் ஒதுங்கிவிடும். அந்தப் பகுதியை வெட்டி எடுத்துவிட்டால் மிஞ்சுவது தெளிவான கட்டி. ஃப்ரீசரிலிருந்து எடுத்ததும் கிளாஸில் போட்டால் 'டக்'கென்று விரிசல் விடும். அதனால் கொஞ்ச நேரம் வெளியே வைத்துவிட்டுத்தான் போடுவார்கள். சூளை ஆறும் முன் கதவைத் திறந்தால் சாமான் ஏன் வெடிக்கிறது என்று நம்ம ஊர்க்காரங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். இரண்டுக்கும் காரணம் ஒன்றே: திடீர் வெப்ப மாற்றம்.

கோப்பை: இது நம்ம ஏரியா

சில பார்களில் முகம் செதுக்கிய பீங்கான் குவளையில் பானம் வரும். அதற்கு டிக்கி மக் என்று பெயர். 1930-களில் ஹாலிவுட்டில் டான் பீச் தொடங்கிய பார் கலாச்சாரத்தின் வழியில் பரவியது. களிமண் கூழைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றினால் அச்சு தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். சுவரோரம் கெட்டியாகப் படிந்ததும் மீதிக் கூழை வடித்துவிட்டு, காயவைத்துச் சுட்டால் குவளை ரெடி. நம்ம ஊர்ப் பட்டறையில் பொம்மை வார்ப்பதும் இதே ஸ்லிப் காஸ்டிங்தான்.

பீங்கானை விடச் செம்பு பல நூறு மடங்கு நன்றாக வெப்பம் கடத்தும். அதனால்தான் 'மாஸ்கோ மியூல்' வரும் செம்புக் குவளை உதட்டில் பட்டதும் சில்லென்று இருக்கிறது. ஆனால் எலுமிச்சைச் சாறு அமிலம், செம்பைக் கரைக்கும். பிஹெச் 6-க்குக் கீழே உள்ள பானத்தை வெறும் செம்பில் ஊற்றக் கூடாது என்று அமெரிக்காவின் அயோவா மாநிலம் 2017-இல் எச்சரித்தது. குவளையின் உள்பக்கம் எவர்சில்வரோ நிக்கல் பூச்சோ இருக்கா என்று எட்டிப் பாருங்க. புளி சேர்க்கும் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசிய நம் பாட்டிகளுக்கு இது எப்பவோ தெரியும்.

பீங்கானில் கவனிக்க வேண்டியது கிளேஸ். ஈயம் கலந்த கிளேஸ் என்றால் அமிலம் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துவிடும். நல்ல கிளேஸ் போட்டு நன்றாகச் சுட்ட ஜாடியில் ஊறுகாய் வருஷக்கணக்கில் கெடாமல் இருக்கும். அலங்காரத்துக்குச் செய்த குவளையில் எதையும் குடிக்க வேண்டாம்.

இப்போ முக்கியமான கணக்கு

இனிப்பும் புளிப்பும் சேர்ந்தால் ஆல்கஹாலின் காரம் நாக்குக்குத் தெரியாது. "ஜூஸ் மாதிரிதான் இருக்கு மச்சி" என்பார்கள். சரி, கணக்குப் போடுவோம்.

60 மில்லி × 0.428 = 25.7 மில்லி ஆல்கஹால். அடர்த்தி 0.789-ஆல் பெருக்கினால் சுமார் 20 கிராம். விட்மார்க் சூத்திரப்படி, 60 கிலோ எடையுள்ள ஆணுக்கு: 20 ÷ (60 × 0.68). விடை, 100 மில்லி ரத்தத்தில் சுமார் 49 மில்லிகிராம். அதே எடையுள்ள பெண்ணுக்கு 0.55 என்று போட்டால் சுமார் 61.

மோட்டார் வாகனச் சட்டம் 185-ஆம் பிரிவின் வரம்பு எவ்வளவு தெரியுமா? 30. அதாவது ஜூஸ் மாதிரி இருந்த அந்த ஒரே ஒரு கிளாஸில் வரம்பு தாண்டியாச்சு. முதல் முறை பிடிபட்டாலே ஆறு மாதம் வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். உடம்பு ஒரு மணி நேரத்தில் சுமார் 15 மில்லிகிராம்தான் குறைக்கும். காபி, குளியல், எலுமிச்சை எதுவும் அதை வேகப்படுத்தாது. சூத்திரம் தருவது சராசரி; உங்க உடம்பு அதைவிட மோசமாகவும் இருக்கலாம். அதனால் "ரெண்டு மணி நேரம் ஆச்சு, ஓட்டலாம்" என்று இதை வைத்து முடிவு பண்ணாதீங்க. குடித்தவர் வண்டி சாவியைத் தொடக் கூடாது. அவ்வளவுதான்.

போகும்போது கவனிக்க

• முதலில் சாப்பாடு சொல்லுங்க. வயிற்றில் உணவு இருந்தால் ஆல்கஹால் ரத்தத்தில் மெதுவாகச் சேரும்.

• "இதில் எத்தனை மில்லி?" என்று கேளுங்க. நல்ல பார்டெண்டர் சந்தோஷமாகச் சொல்வார்.

• மது இல்லாத பானங்களும் அதே ஜிக்கர், அதே ஐஸ், அதே கைத்திறனோடுதான் வரும். வெறும் டானிக் வாட்டர் கேட்டுப் பாருங்க. அதன் கசப்பு கொய்னா; 1860-களில் நீலகிரியில் பயிரிடத் தொடங்கிய சின்கோனா மரப் பட்டையிலிருந்து எடுப்பது. புறஊதா விளக்கடியில் நீலமாக ஒளிரும்!

• பில்லில் சர்வீஸ் சார்ஜ் கட்டாயம் இல்லை. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் இதை உறுதி செய்தது.

• எந்த அளவு மதுவும் உடலுக்குப் பாதுகாப்பானது இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் சொல்லிவிட்டது. அதனால் வேண்டாம் என்கிற நண்பரைக் கிண்டல் பண்ணாதீங்க. அன்று எல்லாரையும் வீடு சேர்க்கப் போவது அவர்தான். அவர் பில்லை மற்றவங்க பிரிச்சுக் கட்டுங்க.