பல்மாறிப் பல்லுறுப்பிகளும் வழுவின் அளவீடும்

பரிசோதனைத் தரவுகளுக்குப் பல்லுறுப்பியொன்றைப் பொருத்தும் ஆய்வாளர், அப்பொருத்தத்தின் சிறப்பைக் காட்டப் பெரும்பாலும் ஓர் எண்ணையே முன்வைக்கின்றனர். 1805இல் லெஜாந்தர் வெளியிட்ட இழிவு வர்க்க முறைப்படி குணகங்களைத் துணிந்தபின், எஞ்சும் வித்தியாசங்களின் வர்க்கங்களைக் கூட்டி, இடை கண்டு, வர்க்கமூலம் எடுக்கக் கிடைப்பது அவ்வெண். அது சிறிதாயின் மாதிரி நன்று என்பர். மாறிகள் பலவாகுமிடத்து இம்முடிவு எவ்வளவு தூரம் நிலைக்கும் என்பதே எமது வினா.

நெல் விளைச்சலை நைதரசன், பொசுபரசு, பொற்றாசியம், நீர், விதைப்பு நாள் ஆகிய ஐந்து மாறிகளின் சார்பாக எழுத முனைகிறோம் எனக் கொள்வோம். இரண்டாம் படியில் 21 குணகங்கள் வேண்டப்படும். மூன்றாம் படியில் 56. நான்காம் படியில் 126. எம்மிடம் 60 வயற்றுண்டங்களின் அளவீடுகளே உள்ளன. மூன்றாம் படியை நாடின், வழுவை மதிப்பிட எஞ்சும் சுயாதீனமான தகவல் நான்கு எண்களின் அளவினதே. வர்க்கங்களின் கூட்டுத்தொகையை அறுபதால் வகுப்பதற்குப் பதிலாக நான்கால் வகுப்பின், வழு ஏறத்தாழ 3.9 மடங்காகத் தோன்றும். தரவு மாறவில்லை, வகுத்த எண்ணே மாறிற்று. இதனைக் குறிப்பிடாது வெளிவரும் கட்டுரைகள் இன்றும் அரிதல்ல.

எனினும் மாதிரி தான் காணாத வயலுக்கு என்ன சொல்லும் என்பதை அவ்வகுத்தலும் நேரடியாகச் சொல்லாது. அதற்கென, அளவீடுகளுள் ஒன்றை விலக்கி, ஏனையவற்றுக்கு மாதிரியைப் பொருத்தி, விலக்கியதை எதிர்வுகூறும் முறையை 1974இல் அலன், ஸ்ரோன் ஆகியோர் தனித்தனியே விரித்தெழுதினர். அறுபது தடவை கணித்தல் வேண்டியதில்லை. ஓர் அளவீடு தன் மதிப்பீட்டின்மீது தானே செலுத்தும் செல்வாக்கை ஒன்றிலிருந்து கழித்து, வருவதால் அதன் எஞ்சிய வித்தியாசத்தை வகுத்தாற் போதும். அச்செல்வாக்குகளின் கூட்டுத்தொகை குணகங்களின் எண்ணிக்கைக்குச் சமன். அவை சமமாகப் பரவியிருப்பின், இரண்டாம் படியில் வித்தியாசம் 1.5 மடங்காகும்; மூன்றாம் படியிலோ 15 மடங்காகும்.

இங்கும் ஓர் எச்சரிக்கை வேண்டும். அருகருகேயுள்ள துண்டங்கள் மண்ணால் ஒத்தவை. ஒன்றை மறைத்தாலும் அதன் விடையை அயற்றுண்டம் வெளிப்படுத்திவிடும். ஆகவே துண்டத்தையன்றி முழு வயலையோ ஒரு போகத்தையோ விலக்கிப் பார்த்தலே தகும்.

வழு எங்கு கூடுகிறது என்பது வேறொரு வினா. சம இடைவெளியிலமைந்த புள்ளிகளினூடே சரியாகச் செல்லும் பல்லுறுப்பியும், படி உயர உயர, இரு முனைகளருகே கட்டின்றி அலையக்கூடும் என்பதை 1901இல் றுங்கே ஒரே மாறியில் காட்டினார். ஒவ்வொரு மாறியின் வீச்சிலும் இருமுனையிலும் 5 சதவீதத்தை விளிம்பெனக் கொள்ளின், ஐந்து மாறிகளின் வெளியில் 41 சதவீதமும், பத்து மாறிகளின் வெளியில் 65 சதவீதமும் விளிம்பிலேயே அமையும். பசளை வாங்கப் பணமின்றி மிகக் குறைவாக இடும் சிறு விவசாயியின் வயல் இவ்விளிம்பைச் சேர்ந்தது. மொத்த இடை வழு அவருக்குரிய வழுவன்று. அவரது வயலையொத்த துண்டங்களை வேறாக்கி, அவற்றின் எதிர்வுகூறல் வழுவைத் தனி நிரலில் தருதல் வேண்டும். அத்தகைய துண்டங்கள் பரிசோதனையில் இடம்பெறவில்லையெனின், அந்நிரலை வெறுமையாக விடுதல் வேண்டும்.