பெட்டியைத் திறக்கும் உரிமை

தொண்ணூறுகளின் கடைசியில் சென்னையில் கம்ப்யூட்டர் வாங்குவது என்றால் பலருக்கும் அது ரிச்சி தெருவுக்குப் போவதுதான். அண்ணா சாலையை விட்டு உள்ளே திரும்பினால் ஒரு கடையில் மதர்போர்டு, அடுத்ததில் ராம், குறுகிய படியேறினால் கேபினெட்டும் எஸ்.எம்.பி.எஸ்ஸும். துண்டுச் சீட்டில் எழுதிய பட்டியலோடு கடை கடையாக ஏறி இறங்கி விலை பேசுவார்கள். அப்படிச் சேர்த்துக் கட்டிய ‘அசெம்பிள்டு’ பெட்டிக்கு எந்தக் கம்பெனியின் பெயரும் கிடையாது. திருகாணிகளைக் கழற்றினால் பக்கத் தகடு கையோடு வந்துவிடும். ராம் போதவில்லையா, இன்னொன்றைச் செருகலாம். ஹார்டு டிஸ்க் நிறைந்துவிட்டதா, பக்கத்திலேயே இன்னொன்றை மாட்டலாம்.

இந்த வசதி தானாக வந்துவிடவில்லை. 1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். தன் பி.சி.யை வெளியிட்டபோது, பிற நிறுவனங்களின் பாகங்களை வாங்கியே பெரும்பாலும் அதைக் கட்டியது. மின்சுற்று வரைபடங்களும், கணினியை எழுப்பும் பயாஸ் நிரலின் வரிகளும் அடங்கிய தொழில்நுட்பக் கையேட்டையும் விற்பனைக்கு வைத்தது. பயாஸுக்குப் பதிப்புரிமை இருந்ததால் அதை அப்படியே நகலெடுக்க முடியாது. காம்பேக் நிறுவனம், அந்த வரிகளைப் படிக்காத பொறியாளர்களைக் கொண்டு அதே வேலையைச் செய்யும் பயாஸைப் புதிதாக எழுதியது. சில ஆண்டுகளில் ஃபீனிக்ஸ் நிறுவனம் அதுபோன்ற ஒன்றை எழுதி, கேட்டவர்களுக்கெல்லாம் விற்கத் தொடங்கியது. எங்கோ தயாரான போர்டும் வேறெங்கோ தயாரான சில்லும் ரிச்சி தெரு மேசையில் ஒன்றோடொன்று பொருந்தியது அதனால்தான். கணினி வரலாற்றில் இதைவிடப் பெரிய ஜனநாயகம் நடந்ததாக எனக்குத் தெரியவில்லை.

அந்தக் காலம் சொர்க்கம் அல்ல. விண்டோஸ் 98 வேலையின் நடுவே நீலத் திரையைக் காட்டி நின்றுவிடும். ஃபிளாப்பிக்கு ஃபிளாப்பி வைரஸ் தாவும். பாமினி எழுத்துருவில் தட்டிய தமிழ்க் கடிதம், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அர்த்தமற்ற ஆங்கில எழுத்துகளாகத் திறக்கும். டிஸ்கி, டாம், டாப் என்று ஆளுக்கொரு எழுத்துக் குறியாக்கம். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாடு தமிழ்99 விசைப்பலகையைத் தந்தது. 2010இல் தமிழக அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றது. இன்று பாட்டி கைபேசியிடம் பேசினால் அது தமிழில் எழுதிக்கொள்கிறது. இந்த ஒரு லாபத்துக்காகவே இன்றைய கருவிகளை நான் மனதார வணங்குவேன்.

ஆனால் அதே கைபேசியின் முதுகைத் திறந்து பாருங்கள். முடியாது, பசை போட்டு ஒட்டியிருக்கிறது.

நோக்கியா 1100 காலத்தில் பேட்டரியை நகத்தால் நெம்பி எடுத்தோம். 2014இல் வந்த சாம்சங் கேலக்ஸி எஸ்5 வரை அது நடந்தது. அடுத்த ஆண்டின் எஸ்6 கண்ணாடி முதுகோடு வந்து, கழற்றும் பேட்டரியைக் கைவிட்டது. தண்ணீர் புகாமலிருக்கத்தான் ஒட்டுகிறோம் என்ற வாதத்தை நான் ஏற்கமாட்டேன். அந்த எஸ்5 ஐ.பி.67 தரத்தில் தண்ணீர் தாங்கியது, பேட்டரியையும் கழற்ற முடிந்தது. லித்தியம் பேட்டரி ஒவ்வொரு சார்ஜிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். கைபேசியில் முதலில் சாகப்போகும் உறுப்பு எதுவென்று தெரிந்திருந்தும், அதையே பிரித்தெடுக்க முடியாதபடி வைப்பது எந்தப் பொறியியல் நியாயம்? 2017 டிசம்பரில் ஆப்பிள், பேட்டரி தளர்ந்த பழைய ஐபோன்கள் திடீரென்று அணைந்துவிடாமல் இருக்க அவற்றின் வேகத்தைத் தானே குறைத்ததாக ஒப்புக்கொண்டது. பிறகு பேட்டரி மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 ஆக்கியது. புது பேட்டரி போட்டதும் அந்த போன்களுக்குப் பழைய வேகம் திரும்பியது. கருவி கிழடாகிவிட்டது என்று எண்ணிப் புதிது வாங்கியவர்களுக்கு அதை முன்பே யாரும் சொல்லவில்லை.

மென்பொருளிலும் இதே கதவடைப்புதான். ஆண்ட்ராய்டின் அடிப்படை நிரல் எல்லோருக்கும் திறந்தது. தயாரிப்பாளர் கைவிட்ட போனுக்கு லினியேஜ்ஓஎஸ் போன்ற மாற்று இயங்குதளங்களைப் போட்டு ஆர்வலர்கள் உயிர் கொடுக்கிறார்கள். ஆனால் அப்படிச் செய்த போனில் பல வங்கிச் செயலிகள் திறக்க மறுக்கின்றன. பாதுகாப்பு முக்கியம்தான். ஆனால் பாதுகாப்பும் திறப்பும் ஒன்றுக்கொன்று எதிரி அல்ல. கூகுளின் பிக்சல் போன்களில் பூட்லோடரைத் திறந்து வேறு இயங்குதளத்தை நிறுவி, உரிமையாளரின் சொந்தச் சாவியால் மறுபடி பூட்ட முடிகிறது. கிராஃபீன்ஓஎஸ் அப்படித்தான் இயங்குகிறது. ஒரு நிறுவனத்தால் முடிகிறதென்றால் மற்றவர்கள் மனமில்லாமல்தான் செய்யாமலிருக்கிறார்கள்.

நல்ல மாற்றங்களும் வருகின்றன. பிக்சல் 8, கேலக்ஸி எஸ்24 வரிசைகளுக்கு ஏழு ஆண்டு அப்டேட் என்று அறிவித்தார்கள். ஒரு காலத்தில் பல ஆண்ட்ராய்டு போன்களுக்கு இரண்டு ஆண்டு கிடைத்தாலே அதிகம். ஏழு ஆண்டு மென்பொருளுக்கு மூன்று ஆண்டில் தளரும் பேட்டரி ஈடு கொடுக்காது என்பதை ஐரோப்பிய ஒன்றியம் புரிந்துகொண்டிருக்கிறது. 2025 ஜூன் முதல் அங்கே விற்கும் போன்களுக்கு உதிரிபாகங்களும் நீண்ட கால அப்டேட்டும் தந்தாக வேண்டும். இந்தியாவில் 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென அரசு ஓர் இணையதளம் திறந்தது. தகவல் தருவதற்கு அது போதும். ஒட்டும் பசையைத் தடுக்கச் சட்டம் வேண்டும்.

மடிக்கணினிகளிலும் இப்போது ராமைப் போர்டோடு பற்றவைக்கிறார்கள். மின்சாரம் மிச்சம், வேகம் அதிகம் என்பது உண்மை. ஆனால் எல்பிகேம்2 என்ற புது வடிவம், அதே வகை ராமைத் திருகாணி போட்டு மாட்டலாம் என்று காட்டிவிட்டது. பற்றவைத்த 8 ஜி.பி. வாங்கியவர் கடைசிவரை 8 ஜி.பி.யோடுதான் வாழ வேண்டும்.

2025 அக்டோபர் 14இல் விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11, டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு அம்சத்தைக் கேட்கிறது, ஓரளவு புதிய பிராசஸரும் கேட்கிறது. நன்றாக ஓடும் எத்தனையோ கணினிகள் இந்த வாசலில் நிறுத்தப்பட்டுவிட்டன. உங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தால் பழைய இரும்புக்குப் போடாதீர்கள். அந்தத் தலைமுறை மடிக்கணினிகள் பலவற்றின் அடிமூடியை இன்னும் திருகாணிதான் பிடித்திருக்கிறது. ஹார்டு டிஸ்கை எடுத்துவிட்டு ஓர் எஸ்.எஸ்.டி.யை மாட்டுங்கள், லினக்ஸ் மிண்ட் நிறுவுங்கள். பிள்ளையின் படிப்புக்கும் தமிழில் தட்டுவதற்கும் அது இன்னும் பல ஆண்டுகள் ஓடும்.