பிள்ளை வடித்த சோறு

பிள்ளைகள் ஆக்கியதைப் பெற்றோர் உண்பதில் மூன்று பருவங்கள் உண்டு. முதலாவது, கைக்குழந்தை தட்டில் கைவிட்டு அளைந்ததைத் தாயும் தகப்பனும் எடுத்து உண்பது. அமிழ்தத்தைவிட இனியது என்று 64ஆம் குறள் சொல்வது இந்தக் கூழைத்தான். நெய்ச்சோற்றை உடம்பெல்லாம் சிதறிக்கொள்ளும் பிள்ளையைப் பாண்டியன் அறிவுடை நம்பி புறநானூற்றின் 188ஆம் பாட்டில் பாடினார். இரண்டாவது, மணலைச் சோறாக்கும் சிறுசோற்று விளையாட்டு. தென்மாவட்டச் சிறுவீட்டுப் பொங்கலில் சிறுமிகள் சின்னப் பானையில் நிஜமாகவே பொங்கி வைப்பார்கள்.

மூன்றாவது பருவம் பத்து, பன்னிரண்டு வயதில் வருகிறது. இங்கே பாட்டு குறைவு, பசி நிஜம்.

கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் நடுவே, சேலம் மாவட்டத்தின் கெங்கவல்லி வட்டத்தில் இருக்கும் தம்மம்பட்டியில் இந்தப் பருவத்தை இன்னும் பார்க்கலாம். மரவள்ளி பிடுங்கவோ ஜவ்வரிசி ஆலைக்கோ மரச்சிற்பப் பட்டறைக்கோ தாயும் தகப்பனும் போய்விடும் வீட்டில், பள்ளி விட்டு வரும் பிள்ளைதான் உலை வைக்கிறது. சோறு குழையும், இல்லையென்றால் அடிப்பிடிக்கும். புது அரிசிக்குத் தண்ணீர் குறைவாகவும் பழைய அரிசிக்குக் கூடுதலாகவும் வேண்டும் என்பது நாலு முறை கெடுத்த பிறகே கைக்கு வரும். குழம்பில் அவசரப்பட்டுப் புளியை முதலிலேயே கரைத்து ஊற்றினால் பருப்பும் காயும் எத்தனை கொதி கொதித்தாலும் வேகாது. புளிப்பு அவற்றை இளக விடாது.

எல்லாவற்றிலும் கடினம் ராகிக் களி. கொதிக்கும் நொய்யில் மாவைக் கொட்டி, வேக விட்டு, துடுப்பைப் போட்டு விடாமல் கிண்ட வேண்டும். சின்னக் கைக்கு அந்த வலு ஏது? சரியாகக் கிண்டாத மாவு உருண்டுகொள்ளும். அந்த உருண்டையின் மேல்பக்கம் சூட்டில் வெந்து தோல் கட்டிக்கொள்ளும், தண்ணீர் உள்ளே போகாது. களியைப் பிட்டால் நடுவில் வேகாத பச்சை மாவு உதிரும். காட்டிலிருந்து வந்த தாய் அந்தக் கட்டியை விரலால் நசுக்கி ஓரமாக ஒதுக்குகிறார். மிச்சத்தைக் கீரைக் கடைசலில் தொட்டு விழுங்குகிறார். "உப்பு கொஞ்சம் தூக்கலா இருக்குது கண்ணு, நாளைக்குப் பாத்துப் போடு" என்பதோடு பேச்சு முடிகிறது. அந்த ஒரு வாக்கியத்தில் பாராட்டும் இருக்கிறது, பாடமும் இருக்கிறது. எதைக் கொடுத்தாலும் "அருமை" என்று சொல்லிவிடும் பெற்றோர் பிள்ளைக்கு நல்லது செய்வதாக நினைக்கிறார்கள். குறையைச் சொல்லாவிட்டால் கை தேறாது. வாகை மரத்தில் சிற்பம் செதுக்கும் இந்த ஊர்ப் பட்டறைகளிலும் கற்றுக்குட்டியின் கோணல் மூக்கைச் சுட்டிக்காட்டித்தான் உளி பழக்குகிறார்கள்.

சரியாக வேகாவிட்டால் பாசத்துக்காகக்கூடச் சாப்பிடக் கூடாதவை இரண்டு உண்டு. மரவள்ளிக் கிழங்கில் சயனைடை உண்டாக்கும் பொருள் இருக்கிறது. தோலுரித்து, நிறையத் தண்ணீரில் நன்றாக வேக வைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்ட வேண்டும். கசக்கும் கிழங்கைத் துப்பிவிட வேண்டும். எலும்பை ஒட்டிச் சிவப்பு மாறாத கோழிக்கறியும் திரும்ப அடுப்புக்குத்தான் போக வேண்டும். மற்றதெல்லாம் தேற்றக்கூடியவை. குழைந்த சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தால் காலையில் பழைய சோறு. அடிப்பிடித்த குழம்பைச் சுரண்டாமல் வேறு பாத்திரத்துக்கு மாற்றினால் பாதியாவது மிஞ்சும்.

கவலை வேறொன்று: கெடுப்பதற்கே பிள்ளைகளுக்கு அடுப்பு கிடைக்காமல் போகிறது. சேலம், நாமக்கல் வட்டாரம் மதிப்பெண்ணுக்குப் பேர்போனது. ஒன்பதாம் வகுப்பிலேயே விடுதிப் பள்ளியில் சேர்க்கப்படும் பிள்ளை, பன்னிரண்டாம் வகுப்பும் நுழைவுத் தேர்வும் முடிந்து கல்லூரி விடுதிக்குப் போகிறது. கை பழக வேண்டிய வயது முழுதும் மணியடித்தால் தட்டு நீட்டுவதில் கழிகிறது. வீட்டிலிருக்கும் பிள்ளையிடமும் "நீ போய்ப் படி சாமி, நான் பாத்துக்கறேன்" என்று தாய் கரண்டியைப் பிடுங்கிக்கொள்கிறார். பையன் என்றால் பிடுங்கவே வேண்டியதில்லை. அவன் கையில் யாரும் கரண்டியைக் கொடுத்ததே இல்லை.

சமையல் படிப்பு நேரத்தைத் தின்னும், கடைசியில் பெண்பிள்ளை தலையில்தான் அந்தச் சுமை விழும் என்ற வாதமும் உண்டு. பின்பாதி நியாயம், அதற்கு மருந்து பையன்களையும் அடுப்படிக்குள் இழுப்பதுதான்.

பிள்ளை சமைக்கப் பழகாததன் விலையைக் கொடுக்கப்போவது பெற்றோர்தான். இடுப்பொடிந்து படுக்கும் காலத்தில் அவர்களுக்கு வேண்டியிருப்பது நன்றாகக் குழைந்த கஞ்சியும் மிளகு ரசமும். அதை வைத்துத் தர வேண்டிய மகனுக்கு அன்று நாற்பது வயதாகியிருக்கும். அரிசி களையக்கூடத் தெரிந்திருக்காது. ஒரு போன் செய்தால் பொட்டலம் வரும். அதில் இருப்பது பெரும்பாலும் வயதான வயிறு தாங்காத எண்ணெயும் காரமும்.

பொதுத்தேர்வு முடிந்து கோடை விடுமுறைக்குப் பிள்ளைகள் வீடு திரும்புவார்கள். அந்த விடுமுறையில் ஞாயிறுதோறும் ஒரு வேளை அடுப்பை அவர்களிடம் கொடுங்கள், பையனுக்கு முதலில். குழைந்தாலும் கட்டி தட்டினாலும் சாப்பிடுங்கள். சாப்பிட்ட பிறகு குறையை மறைக்காமல் சொல்லுங்கள்.