ஓசையற்ற இல்லத் திரையரங்குக் கணினி

அம்பாறைக் கடலோர ஊராகிய ஒலுவிலில், இரவில் திரைப்படங் காண அமர்வோர்க்கு அலையோசை இடையூறாவதில்லை. திரையருகே இருக்கும் கணினியின் இரைச்சலே இடையூறாகின்றது. கதைமாந்தர் தாழ்குரலிற் பேசுமிடத்தில் அஃது உரையாடலை விழுங்கிவிடும்.

இவ்விரைச்சலுக்கு வித்து வெப்பமே. செயலி சூடேற விசிறி விரைகின்றது. விசிறி விரைய ஓசை மிகுகின்றது. ஆதலின் நல்ல விசிறியைத் தேடுமுன் வெப்பங் குறைந்த செயலியைத் தேடுதல் வேண்டும். படம் ஓட்டுதற்குப் பேராற்றல் வேண்டுமென்பது பலருடைய மயக்கம். சுருக்கப்பட்ட காணொளியை விரித்துக் காட்டுதற்கென்றே இன்றைய செயலிகளில் தனிச்சுற்று உண்டு. 2023இல் வெளிவந்த இன்டெல் என்100, 6 வாற்று என வகுக்கப்பட்டதாயினும், 4கே படத்தை அச்சுற்றின் துணையால் தளர்வின்றி ஓட்டும்.

இத்தகைய செயலியை விசிறியின்றி, அலுமினியத் தகடுகளமைந்த பேழையாலேயே குளிர்விக்கலாம். ஒலுவிலில் இதனால் மற்றுமொரு நன்மையும் உண்டு. வடகீழ்ப் பருவக்காற்று கடலிலிருந்து கொணரும் உப்பையும் ஈரத்தையும் விசிறி உள்ளிழுத்துச் சுற்றுப்பலகையிற் படியச்செய்யும். உலோக அரிப்பு அங்கே தொடங்கும். ஆயினும் 30 பாகை கடந்த அறையில் தகடுகளுக்குத் திறந்த வெளி வேண்டும். அழகு கருதிப் பேழையை அலுமாரிக்குள் அடைப்போர் (அத்தகையோர் பலர்) அதனை அடுப்பாக்குகின்றனர்.

விசிறி இன்றியமையாதவிடத்து, 120 மில்லிமீற்றர் அகலமுள்ளதை மெதுவாகச் சுழலவிடுதல் தகும். வேகம் பாதியானால் காற்றும் பாதியாகும். ஓசையோ ஏறத்தாழ 15 டெசிபெல் தாழும்.

சுழலும் வன்தட்டுக்குத் திரையறையில் இடமில்லை. திண்மநிலைத் தட்டில் அசையும் உறுப்பே இல்லை. பெருந்தொகுப்பு உடையோர் வன்தட்டுகளை வேறோர் அறையில் வைத்து, வலையமைப்பு வடத்தால் இணைத்துக்கொள்வர்.